தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கிய தாய்

ஈப்போவில் தாய்மைத் தகுதி வாரியம் என்று ஒன்று இருக்கிறது. ஈயச் சுரங்க முதலாளி ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய மரப் பங்களாவில் அது நடக்கிறது. வாரியம் வருவதற்கு முன்னால் பெண்கள் எப்படித் தாயானார்கள் என்பது பற்றிச் சரியான தகவல் இல்லை. அந்தக் காலத்துக் கோப்புகளைக் கறையான் தின்றுவிட்டது என்று வாரியமே சொல்கிறது.

பெற்ற பிள்ளையை வளர்ப்பவர்களை வாரியம் தொந்தரவு செய்யாது. பெறாத பிள்ளையை வளர்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். தங்கச்சி பிள்ளை, நாத்தனார் பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரி விட்டுவிட்டுப் போன பிள்ளை, எதுவானாலும் காப்பாளர் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமானால் படம் பார்க்க வேண்டும்.

சிரிக்க வேண்டாம். நிஜமாகவே படம்தான் பார்க்க வேண்டும். பதினோரு நிமிட அனிமேஷன் படம். நாற்காலியில் உட்காரவைத்துத் தலையில் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். அண்ணாந்தால் குகைக் கூரை தெரியும். குனிந்தால் நம் கால் இருக்க வேண்டிய இடத்தில் செதிலும் நகமும் வைத்த கால் தெரியும். பார்க்கிறவர்தான் படத்தில் தாய். உட்கார்ந்தபடியே கையையும் காலையும் அசைத்தால் படத்தில் நடக்கலாம், தூக்கலாம். நெஞ்சில் ஒரு பட்டை நாடியை எண்ணும், விரலில் ஒரு கவ்வி வியர்வையை அளக்கும், கண்ணுக்குக் கீழே ஒட்டிய மெல்லிய தாள் கண்ணீரைக் கணக்கெடுக்கும். எழுபது மதிப்பெண் எடுத்தால் நீங்கள் தாய். அறுபத்தொன்பது எடுத்தால் நீங்கள் பொதுமக்கள்.

அந்த நவம்பர் வெள்ளிக்கிழமை காலை கலாதேவி தன் தங்கை மகள் லோஷினியைக் கூட்டிக்கொண்டு வாரியத்துக்கு வந்தாள். கலாதேவிக்கு நாற்பத்துமூன்று வயது. புந்தோங்கில் அடுக்குமாடி வீடு, கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. தங்கை, பிள்ளையைப் பெற்ற மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள். கல்யாணம் பதிவாகவில்லை. பிள்ளையின் தகப்பன் லூமுட் பக்கம் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். லோஷினிக்கு இப்போது ஆறு வயது. கலாதேவியைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள், வேறு யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஜனவரியில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும்.

வந்த கடிதத்தில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. இன்று ஒரு நாள், இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தேறாவிட்டால் பிள்ளை மாலை ஐந்து மணிக்குத் தாப்பாவில் உள்ள குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பப்படும். கீழே ஒரு வரி: "உங்கள் வசதிக்காக இல்லத்தின் வேன் காலையிலிருந்தே வளாகத்தில் நிறுத்தப்பட்டிருக்கும்."

சொன்னபடியே வேன் நின்றது. அதன் நிழலில் இல்லத்துப் பொறுப்பாளர் முத்தம்மா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லோஷினியைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். கலாதேவி பிள்ளையைத் தன் மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

வாசலில் காவலாளி ஐயாவு தடுத்தார்.

"நீங்க போலாம். புள்ள போவ முடியாது."

"ஏண்ணே? புள்ளைக்காகத்தானே வந்திருக்கேன்?"

"நெசப் புள்ளைய உள்ள விட்டா மெசினு கெட்டுப் போவுதாம். மொதல்ல விட்டாங்க. வர்ற பொம்பளைங்க எல்லாம் படத்தப் பாக்காம புள்ளையவே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். பெரியவருக்கு ஒரே கோவம் லா."

வராந்தா ஓரத்தில் 'குழந்தைகள் மூலை' இருந்தது. அதில் ஒரு சின்ன நாற்காலியும், பஞ்சு வைத்துத் தைத்த ஏதோ ஒரு மிருகப் பொம்மையும் இருந்தன. லோஷினி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு மூஞ்சி எங்க இருக்கு?" என்று கேட்டாள். கலாதேவிக்கும் தெரியவில்லை.

உள்ளே வரவேற்பறைச் சுவரில், ஆள் உயரத்துக்குத் தங்க எழுத்தில் எழுதியிருந்தது: ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். கலாதேவிக்கு அதைப் படித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். எழுதி வைப்பவர்கள் எல்லாரும் படித்துவிட்டா எழுதுகிறார்கள்?

கருவிகளை மாட்டியவள் ரஸ்னா. இருபத்தைந்து வயதுப் பெண், முக்காடு போட்ட வட்ட முகம். சாலைக்கு அந்தப் பக்கம் ரொட்டிச் சானாய் கடை வைத்திருப்பவரின் மகள். இயந்திரத்தை ஓட்டுவது அவள் வேலை. அவள் காலடியில் தையல் மெஷினில் இருப்பது போல ஒரு மிதி இருந்தது. படம் ஓடும்வரை அதை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை எடுத்தால் படம் நின்று தேர்வு ரத்தாகிவிடும். ஊழியர்கள் நடுவில் தேநீர் குடிக்கப் போகாமல் இருக்க வாரியம் செய்த ஏற்பாடு அது.

"அக்கா, தண்ணி ஏறிக்கிட்டே வரும். குகைக்குள்ள ஆறு குட்டிங்க இருக்கும். உங்க குட்டிக்கு வலது காதுக்குப் பின்னால மஞ்சப் புள்ளி இருக்கும். அதைத் தூக்கிக்கிட்டு மேல ஏறணும். அவ்வளவுதான் லா."

"மத்த அஞ்சு குட்டிங்க?"

ரஸ்னா கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். "மத்ததப் பத்தி ஒண்ணும் எழுதிக் குடுக்கல அக்கா."

படம் தொடங்கியது. கலாதேவி குகைக்குள் இருந்தாள். காலுக்கடியில் குளிர்ந்த காற்றை விட்டார்கள், ஈரமண் வாசனையைக்கூட விட்டார்கள். கையைத் தூக்கிப் பார்த்தாள், செதில் வைத்த கை. தோளில் வௌவாலின் சிறகு. நன்றாகத்தான் செய்திருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஐந்தாம் நிமிடம் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மஞ்சள் புள்ளிக் குட்டி மேட்டுப் பாறையில் நனையாமல் உட்கார்ந்து தன் சிறகைச் சப்பிக்கொண்டிருந்தது. கீழே வேறொரு குட்டி, இருப்பதிலேயே சின்னது, கல்லிடுக்கில் வால் மாட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் கதறியது.

கலாதேவி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவள் பிறந்தது சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே பால் மரம் வெட்டப் போகும் பெண்கள் விடியுமுன் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு ஆயாக்களுக்கு இருபது பிள்ளைகள். அங்கே யார் பிள்ளை என்று பார்க்கிற வழக்கமே இல்லை. எது அழுகிறதோ அதைத் தூக்க வேண்டும். அழாதது பிழைத்துக்கொள்ளும். பால் குடிக்கும் நேரத்துக்கு ஓடி வரும் பெண்களும், தன் பிள்ளை தூங்கினால் அழுகிற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கலாதேவி அப்படி வளர்ந்தவள். கல்லைப் புரட்டி, வாலை விடுவித்து, அந்தச் சின்னக் குட்டியை வாரி அணைத்தாள்.

காதைக் கிழிப்பது போல மணி அடித்தது. படம் நின்றது.

மதிப்பெண் தாள் வெளியே வந்தது. "சொந்தக் குட்டி: புறக்கணிக்கப்பட்டது. அந்நியக் குட்டி: தூக்கப்பட்டது. அந்நியக் குட்டிக்கு முத்தம்: ஒன்று. மொத்தம்: முப்பத்தொன்று."

மேல்முறையீட்டை வாரியத் தலைவர் கனகராஜ், அரசாங்கத்திடம் டத்தோ பட்டம் வாங்கியவர், நேரில் விசாரிப்பார். வெள்ளிக்கிழமைத் தொழுகை இடைவேளை முடிந்து, டத்தோவின் சொந்த இடைவேளையும் முடிந்து, அவர் கூப்பிடும்போது மணி மூன்றாகியிருந்தது. அறையில் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார். கறுப்புச் சட்டை, சின்னக் குடுமி. படத்தின் இயக்குநர் கோகிலன். டத்தோவின் மேசையில் அந்தப் படத்துக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரில் பரிசாகக் கிடைத்த கண்ணாடிக் கோப்பை ஒன்று, வெளிச்சம் படும்படி வைக்கப்பட்டிருந்தது.

"அம்மா, உக்காருங்க. நீங்க எங்க ஓபுனாவைப் புரிஞ்சிக்கல. அதுதான் பிரச்சினை," என்றார் டத்தோ. "கோகிலன், சொல்லுங்க."

கோகிலன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"இந்த ஜீவன உருவாக்க ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். மொதல்ல பசுன்னு வெச்சோம். ஒரு தரப்பு மனசு புண்படும்னாங்க. பன்னி, நாய் பேச்சே எடுக்க முடியாது. யானை போட்டோம், சாமி மாதிரி இருக்குன்னாங்க. புலி அரசாங்கத்துக்குச் சொந்தம். தவளை நல்லா வந்துச்சு, ஆனா கட்சி மாறுறவங்களக் கிண்டல் பண்றோம்னு கடுதாசி வந்துச்சு. முதலைக்கும் அதே கதைதான். கடைசியா யாருக்கும் வேண்டாத மூணு மிருகம் மிஞ்சிச்சு. தாப்பிரோட உடம்பு, பாதி கறுப்பு பாதி வெள்ளை, யாரும் கோவிச்சுக்க முடியாது. எறும்புண்ணியோட செதிலு. வௌவாலோட சிறகு. ஓபுனாங்கிற பேருக்கு எந்தப் பாஷையிலயும் அர்த்தம் கெடையாது. அர்த்தமில்லாத பேர் கண்டுபிடிக்கவே ஏழு மாசம் ஆச்சு."

"குட்டி அழுற சத்தம்?" என்று எடுத்துக் கொடுத்தார் டத்தோ.

"மூணு இனத்துப் புள்ளைங்க அழுகையையும் சம பங்கா கலந்தது." கோகிலனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் படத்தைப் பற்றிப் பேசினாலே அவருக்கு அப்படி ஆகும் என்று டத்தோ விளக்கினார்.

கலாதேவிக்குத் தலை சுற்றியது. ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது. "ஐயா, அந்தச் சின்னக் குட்டி முழுகிக்கிட்டு இருந்துச்சு. அதான் தூக்குனேன்."

"அதைத் தூக்க அதோட அம்மா வருவாங்க மேடம்," என்றார் கோகிலன்.

"எங்க வந்தாங்க? நான் பாத்தேனே, யாரும் இல்லயே?"

"வருவாங்கன்னு வெச்சிக்கணும். அந்த அம்மாக்கள வரைய ஆள் பத்தல."

கலாதேவி ஆயாக் கொட்டகையைப் பற்றிச் சொன்னாள். டத்தோ பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துக் கோப்பில் எழுதிக்கொண்டே வாய்விட்டும் படித்தார்: "மனுதாரருக்குப் பிறர் குட்டியைத் தூக்கும் பழக்கம் சிறுவயது முதல் உள்ளது."

"ஐயா, லோஷினியும் பிறர் குட்டிதானே? அந்தப் பழக்கம் இல்லன்னா அவள யாரு தூக்கியிருப்பா?"

"ஸ்ஸ்." டத்தோ உதட்டில் விரலை வைத்தார். உண்மையான அக்கறையுடன்தான் வைத்தார். "இதை வெளியில சொல்லாதீங்க. உங்க கேஸ் பலவீனமாயிடும்."

"முன்னால சுவத்துல அப்படித்தானே எழுதி வெச்சிருக்கீங்க? ஊரார் பிள்ளையன்னு?"

"அது அலங்காரத்துக்கும்மா. கட்டடத்தோட வந்தது." டத்தோ சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு உரை வந்துவிட்டது. வந்தால் அடக்க மாட்டார். "இந்த நாட்டில் எல்லாரும் அன்பு இருக்கிறது, பாசம் இருக்கிறது என்கிறார்கள். ஆதாரம் எங்கே? ஆறு வருடம் சோறு போட்டேன் என்கிறீர்கள். சோறு ஆதாரம் இல்லை. ஓட்டல்காரரும்தான் சோறு போடுகிறார். உணர்ச்சி என்றால் அளக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அளக்க முடியாத தாய்மையை இந்த வாரியம் அங்கீகரிக்காது. இல்லத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். நல்ல இடம். பக்கத்திலேயே முதியோர் பகுதியும் இருக்கிறது. என் தாயாரே அங்கேதான் இருக்கிறார். போய்ப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. இந்தப் படத்தை எடுத்து முடிக்கவே நேரம் சரியாகிவிட்டது."

கோகிலன் கோப்பையைத் துடைத்தார்.

"ஐயா, நீங்க இந்தப் படம் பாத்து எத்தன மார்க் எடுத்தீங்க?" என்று கலாதேவி கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. பாஸ் ஆனவர் யாராவது இருந்தால் வழி கேட்கலாம் என்றுதான் கேட்டாள்.

"தலைவருக்கு விலக்கு உண்டு," என்றார் டத்தோ. "நாலு மணிக்கு ரெண்டாவது வாய்ப்பு. போங்க."

நாலு மணிக்கு ரஸ்னா கருவிகளை மாட்டும்போது கதவைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, நான் சொல்லக் கூடாது. ஆனா சொல்றேன். அழுற குட்டியப் பாக்காதீங்க. முழுகுனாலும் பாக்காதீங்க. மஞ்சப் புள்ளியத் தூக்கிக்கிட்டு நேரா மேல ஏறுங்க. இன்னொண்ணு, என்ன ஆனாலும் கண்ணாடியக் கழட்டக் கூடாது. கழட்டுனா 'குழந்தையைக் கைவிட்டார்'னு தானா பதிவாயிரும். அப்புறம் டத்தோ நெனச்சாலும் அழிக்க முடியாது."

"கழட்ட மாட்டேம்மா."

"ரெண்டாவது தடவ இதுவரைக்கும் யாரும் பாஸ் ஆனதில்ல அக்கா. நீங்க ஆவணும்."

இந்தப் புள்ளிவிவரம் வெளியே முத்தம்மாவுக்கும் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. ஐந்து மணிக்குக் கிளம்பினால் கோப்பெங் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொள்வோம், இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தாமதமாகும் என்று கணக்குப் போட்டார். எப்படியும் வரப்போகிற பிள்ளைதானே, இப்போதே வேனில் ஏற்றி உட்கார வைத்தால் கொஞ்சம் பழகிக்கொள்ளும் என்று நினைத்தார். நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு லோஷினியின் கையைப் பிடித்தார்.

உள்ளே படத்தில் மூன்றாம் நிமிடம்.

அந்தப் பங்களா மரப் பலகை வைத்துக் கட்டியது. காதையும் மூடும் கண்ணாடிதான், ஆனாலும் சில சத்தங்களை எதுவும் மூடாது.

"அம்மா!"

கலாதேவி முதலில் படம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஓபுனாக் குட்டிகளுக்குப் பேச வராது.

"அம்மா! அம்மா, வா! என்னைய வேன்ல ஏத்துறாங்க! அம்மா!"

அவள் கை தன்னால் தலைக்குப் போனது. விரல் கண்ணாடியின் பட்டையைத் தொட்டது.

"அக்கா!" ரஸ்னா கிட்டத்தட்டக் கத்திவிட்டாள். "கழட்டாதீங்க அக்கா! கழட்டுனா அஞ்சு மணிக்கு நெசமாவே கொண்டு போயிருவாங்க!"

"என் புள்ளம்மா. என் புள்ள கூப்புடுறா. நீ போய்ப் பாரேன்."

"நான் காலை எடுத்தா படம் நின்னுரும் அக்கா. எட்டு நிமிஷம். எட்டே எட்டு நிமிஷம்."

கலாதேவி கையை இறக்கினாள். எப்படி இறக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். குகையில் தண்ணீர் ஏறியது. வெளியே வேன் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. "அம்மா" என்ற குரல் அதற்குப் பிறகு தூரத்தில் கேட்டது, ஆனால் நிற்கவில்லை. பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மறுபடி கூப்பிட்டது. வருவாள் என்று நிச்சயமாக நம்பிக் கூப்பிடுகிற குரல் அது. இந்த ஆறு வருடத்தில் அந்தக் குரலுக்குக் கலாதேவி ஒருமுறைகூட உட்கார்ந்துகொண்டு இருந்ததில்லை.

ஐந்தாம் நிமிடம் சின்னக் குட்டி கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. அவள் அதைத் தாண்டி நடந்தாள். அது அவள் காலைப் பிடித்தது. காலை உதறினாள். மஞ்சள் புள்ளியைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறத் தொடங்கினாள். கண்ணாடிக்குள் எதுவும் தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். நெஞ்சுப் பட்டை இறுகியது. உதட்டைக் கடித்ததில் அது கிழிந்து உப்புக் கரித்தது. ஏழு, எட்டு. கீழே அந்தச் சின்னக் குட்டியின் சத்தம் நின்றுபோனது. ஒன்பதாம் நிமிடம், வெளியேயும் நின்றுபோனது. பிள்ளை அழும்போதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

பதினோராவது நிமிடம் இனிமையான ஒரு மணி அடித்தது. ரஸ்னா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

தொண்ணூற்றெட்டு.

கலாதேவி எழுந்து ஓடப் பார்த்தாள். நெஞ்சுப் பட்டையும் விரல் கவ்வியும் இழுத்து நிறுத்தின. ரஸ்னா அவிழ்ப்பதற்குள் கதவு திறந்து டத்தோ கனகராஜ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் கோகிலன், அவருக்குப் பின்னால் புகைப்படக்காரர்.

"தொண்ணூற்றெட்டு! கண்ணீர் அளவு, தாளே நனைஞ்சு ஒட்டாமப் போச்சு! நாடியப் பாருங்க கோகிலன், மூணாவது நிமிஷத்திலிருந்து மலை மாதிரி ஏறியிருக்கு. அங்க என்ன காட்சி?"

கோகிலன் யோசித்தார். "மூணாவது நிமிஷம் வந்து... குகையில பாசி அசையும் சார்."

"பாசிக்கே இப்படி! இதுதான் கலை!"

"ஐயா, வுடுங்க ஐயா. வெளிய புள்ள அழுதா. நான் போவணும்."

டத்தோ உருகிப்போனார். புகைப்படக்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? கண்ணாடி கழட்டின பிறகும் குட்டி அழுத சத்தம் இவங்க காதுல கேக்குது. எழுதிக்கங்க."

"ஓபுனாக் குட்டி இல்லங்கய்யா. என் புள்ள!"

"பாத்தீங்களா, 'என் புள்ள'ங்கிறாங்க! காலையில முப்பத்தொன்னு எடுத்தவங்க. ஒரே நாளில் இந்தப் பெண்ணுக்குத் தாய்மையைக் கொடுத்திருக்கிறோம். காலையில் கண்டவர் குட்டியையும் தூக்கிக்கொண்டிருந்தவர், மாலையில் தன் குட்டியைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்காத பண்பட்ட தாயாக நிற்கிறார். இந்த வாரியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்."

பொம்மை ஓபுனாவை அவள் கையில் கொடுத்து இரண்டு படம் எடுத்தார்கள். இரண்டாவது படத்தில் அவள் சிரிக்கவில்லை என்று மூன்றாவது எடுத்தார்கள். நாடி வரைபடத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப் போவதாக டத்தோ அறிவித்தார். பிறகு பேனா தேடினார்கள். கையெழுத்து, முத்திரை, தங்கநிறத்தில் ஒரு வட்ட வில்லை. 'கலாதேவி, மேற்படி லோஷினியின் தாயாக இருக்கத் தகுதி பெற்றவர்' என்று அச்சடித்த கெட்டித் தாளை அவள் கையில் வைத்தபோது மணி நாலு ஐம்பது. அவள் நன்றி சொல்லவில்லை. ஓடினாள்.

வேன் கதவு திறந்துதான் இருந்தது. பக்கத்தில் ஐயாவு, என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின் இருக்கையில் லோஷினி உட்கார்ந்திருந்தாள். அழுகை இல்லை. முகம் வீங்கியிருந்தது. அவ்வப்போது விக்கல் மட்டும் வந்தது.

"அழுது அழுது ஓஞ்சிட்டா," என்றார் முத்தம்மா. "நல்ல புள்ள. இப்பப் பழகிருச்சு."

"தங்கம், வா. வீட்டுக்குப் போலாம். அம்மா பாஸாயிட்டேன்." கலாதேவி இரண்டு கையையும் நீட்டினாள்.

லோஷினி அசையவில்லை.

"பாஸா? ரெண்டாவது தடவையிலயா?" முத்தம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மனதாரச் சந்தோஷப்பட்டார். "எறங்கு கண்ணு. பாரு, உங்கம்மா வந்துட்டாங்க."

"இவங்க எங்கம்மா இல்ல," என்றாள் லோஷினி.

ஐயாவு குனிந்தார். "அப்படிச் சொல்லக் கூடாது லா. காலையில கையப் புடிச்சிக் கூட்டிட்டு வந்தாங்கல்ல?"

"எங்கம்மா உள்ள போனாங்க. நான் எவ்ளோ நேரம் கூப்பிட்டேன். எங்கம்மாவா இருந்தா வந்திருப்பாங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

பின்னாலேயே ஓடிவந்த ரஸ்னா வாசற்படியில் நின்றுவிட்டாள். முத்தம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. அரசாங்க வேலை, பின்னால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. "ஏம்மா, புள்ள இப்படிச் சொல்லுதே, இதையும் பாரத்துல எழுதணுமா?"

ரஸ்னா கையிலிருந்த படிவத்தைப் புரட்டினாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். பிள்ளை சொல்வதை எழுத அதில் இடம் இல்லை.

"வேணாம் அக்கா. எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள். படிவத்தை மடித்துக்கொண்டாள்.

உள்ளே உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன், நீ கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டது என்று சொன்னால் அது இன்னும் மோசம். கலாதேவி தரையில் மண்டியிட்டாள். கையில் இருந்த சான்றிதழைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாரு தங்கம். இதுல போட்டிருக்கு பாரு. நான்தான் உங்கம்மா. இதுல போட்டிருக்கு."

லோஷினி விக்கலுக்கு நடுவே அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது.